கழுவிக் காயவைத்தது

பின்வாசல் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதில் எப்போதும் தொங்கும் பிளாஸ்டிக் சாக்கு இல்லை.

ஜித்தின் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அந்த ஆணியைப் பார்த்து நின்றான். காலையிலிருந்து அப்பாவை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து அம்பூரிப் பக்கம் வீடு வீடாகக் கல்யாணக் கார்டு கொடுத்துத் திரிந்த நேரமெல்லாம் அவன் மனசு இந்தச் சாக்கில்தான் கிடந்தது. போன வீட்டிலெல்லாம் ஒரு சாயா, ஒரு தட்டு மிக்சர், கிளம்பும் முன் ஒரு ஜெபம். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் சாக்கு தெரிந்தது. சாக்குக்குள் பூஸ்ட் பாக்கெட். பாக்கெட்டுக்குள் அது.

"அம்மா, சாக்கு எங்க?"

ரத்னபாய் அடுக்களையில் மரச்சீனி தோல் உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு எடுப்பு நாளில்லியா? கிருபாபாய் மத்தியானமே வந்து கொண்டு போயாச்சு."

"அதுல ஒரு பூஸ்ட் பாக்கெட்டு கிடந்துது."

"கிடந்துது. நல்லவேளை நான் பாத்தேன். நீ அப்பிடியே சுருட்டிப் போட்டிருக்கா. தூள் ஒட்டின பாக்கெட்டைக் குடுத்தா கிருபாபாய் விடுவாளா? அதுக்குள்ள ஒரு சென்ட் குப்பி வேற. நீலமும் ரோஸுமா. யாருக்குள்ளதுலே அது?"

அவன் மறுபடி ஆணியைப் பார்த்தான்.

"நான் எடுத்து சோப்பு போட்டுக் கழுவினேன். கொஞ்சநேரம் வெள்ளத்துல ஊறவும் போட்டேன், மணம் போவட்டும்னு. போவல்ல. பொறவு பால் கவரோட சேத்து அடுப்புக்கு மேல காயவச்சுப் பாக்கெட்டுக்குள்ளேயே போட்டுக் குடுத்தாச்சு. அதுல ஒரு லைட்டு உண்டு கேட்டியா. காயக் காய மினுக்கிட்டே இருந்துது."

அவள் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. போன வருஷம் பக்கத்து வீட்டு விலாசத்தை உரக்கச் சொல்லி, மீன் நாற்றம் அடிக்கும் கவர் என்று கிருபாபாய் ஒரு சாக்கைத் தெருவில் வைத்தே திருப்பிக் கொடுத்தாள். பஞ்சாயத்தின் ஹரிதகர்ம சேனாவில் பச்சைக் கோட்டு போட்டு வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் எடுக்கும் பெண்களில் அவளுக்குத்தான் வாய் நீளம். அன்றிலிருந்து ரத்னபாய் வீட்டுப் பால் கவர் ஒவ்வொன்றும் இரண்டு முனையும் வெட்டி, சோப்பு போட்டுக் கழுவி, கிளிப் மாட்டிக் காய்ந்த பிறகுதான் சாக்குக்குள் போகும். அவள் இதுவரை ஒரு கவரைக் கூடக் கழுவாமல் கொடுத்ததில்லை.

ஜித்தின் மறுபடி ஸ்கூட்டரில் ஏறினான்.

"சாயா குடிச்சிட்டுப் போ மக்கா."

"இப்ப வாறேன்."

வெள்ளறடைச் சாலையில் மலைப்பக்கம் வானம் கருத்திருந்தது. துலா மாசத்தில், ஐப்பசியில், தினமும் நாலு மணிக்கு மேல் வரும் மழை. அவன் வேகத்தைக் கூட்டினான்.

அது வேப். பாட்டரியில் ஓடும் புகைக்குழல். தீர்ந்தால் தூர எறிந்துவிடும் வகை. நாட்டில் விற்கக் கூடாது என்று தடை இருப்பதால் கடைகளில் தெரிய வைக்கமாட்டார்கள். துபாயிலிருந்து லீவில் வந்த கூட்டுக்காரன் சஜு இரண்டு கொண்டுவந்து கொடுத்திருந்தான். மாம்பழ மணம். பொத்தானே கிடையாது; இழுத்தால் அடியில் லைட் எரியும், விட்டால் அணையும். இன்று காலை ஜித்தின் எழுந்தபோது தலையணைக்குப் பக்கத்தில் அது இழுக்காமலேயே எரிந்துகொண்டிருந்தது. தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. வாய்ப்பக்கம் மெல்லிய ஆவி தானாக வந்துகொண்டிருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். அமரவிளையில் அவன் வேலை பார்ப்பது மொபைல் சர்வீஸ் கடையில். ஊதிப்போன பாட்டரியோடு ஃபோன்கள் வரும். கடையின் பின்பக்கம் வெயிலும் மழையும் படாத இடத்தில் மணல் நிரப்பிய ஒரு இரும்பு வாளி உண்டு. ஊதினது, சூடானது, தண்ணீர் குடித்தது எல்லாம் அந்த மணலுக்குள் போகும். பிறகு இ-வேஸ்ட் எடுக்க வருகிறவர்கள் வந்துதான் தொடுவார்கள். அந்த வாளி வருவதற்கு முந்திய காலத்தில், கூட வேலை செய்தவன் ஒரு பாட்டரியை நெம்பும்போது தகடு உள்ளே குத்தி, அவன் கை பின்வாங்கும் முன் மேசை தீப்பிடித்ததை ஜித்தின் பார்த்திருக்கிறான். அந்தக் கையின் தோல் இன்றும் வேறு நிறம்தான்.

காலையில் அவன் செய்திருக்க வேண்டியது முற்றத்தில் ஒரு பழைய சட்டியில் மணலைப் போட்டு அதற்குள் இறக்கிவைப்பது. ஆனால் முற்றத்தில் அப்பா எலியா வேட்டி மடித்துக் கட்டி, கார்டுப் பையோடு நின்றார். அம்மா இஸ்திரி போட்ட சட்டையோடு அறைக்குள் வந்துகொண்டிருந்தாள். சட்டியில் என்ன என்று இருவரும் கேட்பார்கள். அவன் கையில் கிடைத்த காலி பூஸ்ட் பாக்கெட்டுக்குள் அதைத் திணித்து, பின்வாசல் சாக்கில் போட்டான். சட்டை மாட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அப்பா ஸ்கூட்டரின் ஹாரனை அடித்தார்.

மறைத்ததற்குக் காரணம் அப்பா மட்டுமில்லை. ஷீனா.

ஷீனாவின் அப்பா நெஞ்சு கெட்டுச் செத்தவர். பீடி. கடைசி ஆறேழு மாதம் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து உறங்கி, உட்கார்ந்தபடியே போனார். பெண் பார்க்கப் போன அன்று இருவரையும் தனியாகப் பேசவிட்டபோது அவள் சம்பளம், வீடு, எதுவும் கேட்கவில்லை. "சிகரெட்டோ வேற வல்லதுமோ உண்டா? உண்டுன்னா இப்பவே சொல்லிடுங்க, எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் கேக்கண்டாம்" என்றாள். இவன் இல்லை என்றான். அவள் உடனே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இல்லை என்று சொன்னோம் என்று பிறகு தோன்றியது.

கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. பெண் பேர், மாப்பிள்ளை பேர், ஊர், தகப்பன் பேர் எல்லாம் போதகர் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பார். இரண்டு தடவையும் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது.

பஞ்சாயத்தின் பிளாஸ்டிக் ஷெட் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், முன்னால் ஷட்டர். இடது சுவருக்கு அந்தப் பக்கம் ரப்பர் குடோன். மேல்கூரை வரை ஷீட்டுக் கட்டுகள் அடுக்கிய குடோன். அது ஞானசிகாமணியுடையது. ஷீனாவின் தாய்மாமன், அவள் அப்பா போன பிறகு அந்த வீட்டுக்கு எல்லாம் அவர்தான்.

குடோன் முன்னால் வண்டியை நிறுத்தும்போது ஜித்தினிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. பாட்டரி என்று சொன்னால் என்ன பாட்டரி, எதற்கு பூஸ்ட் பாக்கெட்டுக்குள் என்று கிருபாபாய் கேட்பாள். அவள் கேட்டது கோயில் முற்றம் வரை போகும். அவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதுபோல் திரும்பி நின்று, நிச்சயத்துக்குப் பெண் வீட்டார் போட்ட மோதிரத்தை விரலிலிருந்து உருவி பாண்ட் பாக்கெட்டுக்குள் போட்டான்.

உள்ளே கிருபாபாயும் விலாசினியும் தார்ப்பாய் விரித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சாக்குகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிக் கிடந்தன.

"கல்யாண மாப்பிளக்கு இவிடெ எந்தா காரியம்?" என்றாள் விலாசினி பாதி மலையாளத்தில். "கார்டு தரான் வந்நதாணோ?"

"கார்டெல்லாம் வீட்டுல வந்து தரணும். குப்பைக்குள்ள வாங்க மாட்டேன்" என்றாள் கிருபாபாய்.

"மாமி, எங்க வீட்டுச் சாக்கு எது?"

"எதுன்னு இப்ப எப்பிடிச் சொல்ல? பெரிய சாக்குல தட்டியாச்சே. என்னத்துக்கு?"

"மோதிரம் போயிட்டு. காலைல கை கழுவும்போ கழட்டி ஒரு பூஸ்ட் பாக்கெட்டுக்குள்ள..." அதற்கு மேல் பொய் தானே வளர்ந்தது. "ஈரம் படாம இருக்கட்டும்னு போட்டேன். அம்மா குப்பைன்னு எடுத்துக் குடுத்துட்டாவ."

கிருபாபாய் கையுறையைக் கழற்றினாள். "நிச்சய மோதிரமா?"

"ஆமா."

"மூணாம் ஓலை வாசிக்கல்ல. அதுக்குள்ள மோதிரம் போச்சா." அவள் சகுனம் பார்ப்பவள் இல்லை, இப்படி நடந்தால் பிசாசின் வேலை என்பாள். அங்கேயே கண்ணை மூடி இரண்டு வரி ஜெபித்தாள். கண்ணைத் திறக்கும்போது ஃபோன் காதில் இருந்தது. ஜித்தின் வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். "ஞானசிகாமணி அண்ணே, ஒண்ணு இஞ்ச வாங்க. நம்ம ஷீனா போட்ட மோதிரம் சாக்குக்குள்ள போயிட்டு."

"மாமி, அவியள எதுக்கு? நான் தனியா தேடிக்கிடுவேன். நீங்க ரெண்டு பேரும் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க."

"நல்ல கூத்து. ஒத்தையில நீ நாளைக்கும் தேடி முடிக்க மாட்டா."

அப்போதுதான் அவன் மூச்சை நன்றாக இழுத்தான். காய்ந்த பால், பழைய எண்ணெய், வெயிலில் வெந்த பிளாஸ்டிக். அதற்கெல்லாம் அடியில் மெல்ல, தித்திப்பாக, பழுத்த மாம்பழம்.

"மணக்குதில்ல?" என்றாள் விலாசினி, அவன் முகத்தைப் பார்த்து. "இந்த மணம் சாக்கு இறக்கினப்பம் தொட்டே உண்டு. துலா மாசத்துல மாம்பழம் எவிடுந்நு வரும்?"

"ஜூஸ் பாட்டில் எவனாவது கழுவாமக் குடுத்திருப்பான்" என்றாள் கிருபாபாய். "ஆளு தெரியட்டும்."

ஞானசிகாமணி கையில் கொக்கியோடு வந்தார். ஷீட்டுக் கட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி. அது கையில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி, மார்பில் ரப்பர் பால் கறை. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து என்ன ஏது என்று இரண்டு பேர் கூடவே வந்தார்கள்.

"மோதிரத்தைக் கழட்டி பூஸ்ட்ல கலக்கிக் குடிக்கப் பாத்தியாக்கும், மருமகனே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜித்தினும் சிரித்தான்.

பிறகு தேடல் தொடங்கியது. சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தார்ப்பாயில் கொட்டினார்கள். கிருபாபாய் கட்டளை போட்டாள். "ரத்னபாய் அக்கா பாக்கெட்டு எனக்குத் தெரியும், ஓரம் நேரா வெட்டியிருக்கும், கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். பூஸ்டுன்னு கண்டா விடாதியோ. கையில வச்சு நல்லா அமுக்கிப் பாருங்கோ, உள்ள கட்டியா வல்லதும் தட்டுதான்னு."

அமுக்கினார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் பாக்கெட்டைக் காலுக்கடியில் போட்டே மிதித்துப் பார்த்தார். அமுக்கக் கூடாது, மிதிக்கக் கூடாது, குத்தக் கூடாது. கடையில் புதிதாகச் சேர்கிறவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அது. இங்கே ஐந்து பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், அவனுக்கு உதவியாக.

"மெதுவா" என்றான். "மோதிரம் வளைஞ்சிரும்."

"பவுனு வளைஞ்சா தட்டான் நிமித்துவான்" என்றார் ஞானசிகாமணி. "போனா யாரு தருவா?"

மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது. முதலில் நாலைந்து துளி, பிறகு ஒரே இரைச்சல். காற்றில் தார்ப்பாயில் கிடந்த கவர்கள் எழும்பிச் சுழன்றன. விலாசினி ஓடிப்போய் ஷட்டரை இழுத்து இறக்கினாள், கீழே ஒரு சாண் மட்டும் விட்டு. ஒரே ஒரு பல்பு எரிந்தது. மாம்பழ வாசனை மூடிய அறைக்குள் திரண்டது. அதில் இப்போது வேறொன்றும் கலந்திருந்தது. சுட்ட சர்க்கரையின் கசப்பு.

ஷட்டரைத் தூக்கச் சொல்ல வேண்டும் என்று ஜித்தின் நினைத்தான். ஏன் என்று கேட்பார்கள். மூச்சு முட்டுகிறது என்று சொல்லலாம். அடுத்த பொய் அது. அதற்கு அடுத்தது ஒன்று வேண்டியிருக்கும். பல்பின் கீழே கிருபாபாயின் நரைத்த தலை குனிந்து கவர்களுக்குள் துழாவிக்கொண்டிருந்தது. அவள் அவனுக்கு ஞாயிறுப் பள்ளியில் வசனம் மனப்பாடம் செய்யவைத்தவள். தன்னுடைய ஆயுள் முழுக்க இவளிடம் ஒரு பொய்யும் செல்லுபடியாகாது என்று அவன் நம்பியிருந்தான். இன்று சொன்னது முழுதும் செல்லுபடியாகிவிட்டது.

"இந்தச் சாக்கு என்ன, சுடுது" என்றார் ஞானசிகாமணி.

அவர் அடுக்கின் மேல் ஏறி நின்றிருந்தார், குடோன் சுவர் ஓரமாக. கால் வைத்த சாக்கைக் குனிந்து உள்ளங்கையால் தடவினார். "அடியில ஒரு இடம் மட்டும் சுடுது. வெயிலா பட்டுது இஞ்ச?" சாக்கின் வாய்க்கட்டை அவிழ்த்தார். உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு இழை எழும்பி பல்பை நோக்கிப் போனது. "ஆவி வருது பாருங்கோ. ஈரத்தோட எவனோ கட்டிக் குடுத்திருக்கான்." சட்டைக் கையை மடக்கி, முழங்கை வரை உள்ளே விட்டார்.

"மாமா, கையை எடுங்க."

ஜித்தின் உரக்கச் சொல்லவில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் சொன்னான். ஆனால் அந்தக் குரலில் என்ன இருந்ததோ, எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"அதுக்குள்ள மோதிரம் இல்ல. மோதிரம் எங்கிட்ட இருக்கு." பாண்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினான். "அதுக்குள்ள கிடக்குறது வேப். எனக்குள்ளது. கெட்டுப்போய் தன்னால எரியுது. அதுல பாட்டரி உண்டு, வெள்ளமும் பட்டாச்சு. வெடிக்கும். கையை மெதுவா எடுங்க, அமுக்காம. எல்லாரும் வெளிய போங்க."

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஞானசிகாமணி கையை அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தார், பாம்புப் புற்றிலிருந்து எடுப்பதுபோல். விலாசினி ஷட்டரை ஏற்றினாள். ஆட்டோக்காரர்கள் மழைக்குள் ஓடினார்கள். கிருபாபாய் மட்டும் ஒரு கணம் அவனைப் பார்த்து நின்றாள்.

"பாட்டரியும் பல்பும் தனியா கையில தரணும்னு உங்க வீட்டு வாசல்ல நின்னு எத்தனை மட்டம் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"போங்க மாமி."

"வாசல்ல அப்ப நீயும்தான் நின்னா."

அவள் போனாள்.

"மாமா, அந்தக் கொக்கியத் தாங்க."

ஞானசிகாமணி கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர் வெளியே போகவில்லை. ஷட்டர் ஓரம் நின்று, தன் குடோன் சுவரையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தது அத்தனையும் எரியக் கூடியது. தீ பிடித்த ரப்பர் எப்படி எரியும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜித்தின் கொக்கியைச் சாக்கின் மேல்மடிப்பில் மாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீட்டிய கையால் இழுத்தான். சாக்கு அடுக்கிலிருந்து வழுக்கி இறங்கித் தரையில் உட்கார்ந்தது. உள்ளே ஏதோ 'டக்' என்றது. அவன் நிற்கவில்லை. தார்ப்பாய் மேல், வாசல் படி மேல், முற்றத்துச் சேறு மேல் இழுத்துக்கொண்டே போனான். மழை தலையில் அறைந்தது. ஓடை கட்டுவதற்காக இறக்கியிருந்த எம்சாண்ட் மணல் குவியல், நீலப் படுதா மூடி, முற்றத்தின் நடுவில் கிடந்தது. அதன் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாக்கின் அடியைக் கொக்கியால் தூக்கிக் கவிழ்த்தான்.

கவர்கள் சிதறின. கடைசியாக அது விழுந்தது. பூஸ்ட் பாக்கெட் அதன்மேல் சுருங்கி, இரண்டாம் தோல் போல ஒட்டியிருந்தது. நடுவில் வயிறு தள்ளியிருந்தது. அடியில் அந்த லைட், காலையில் எரிந்த அதே நீலம், இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவன் படுதாவை விலக்கி, சிமெண்ட் சுமக்கும் இரும்புச் சட்டியில் மணலை அள்ளித் திரும்பும்போது அது சீறியது. பிரஷர் குக்கரின் சத்தம், ஆனால் நிற்காமல். வெள்ளைப் புகை பக்கவாட்டில் பீறிட்டு, அதன் நுனி சட்டென்று தீயானது. சுற்றிக் கிடந்த கவர்கள் தீயைத் தொடாமலேயே சுருண்டு கருகின. ஜித்தின் சட்டி மணலை அதன்மேல் கவிழ்த்தான். மணலைத் துளைத்துக்கொண்டு தீ வந்தது. இன்னொரு சட்டி. பிறகு இன்னொன்று. விலாசினி வாளித் தண்ணீரைச் சுற்றியிருந்த கவர்கள்மேல் ஊற்றினாள். கிருபாபாய் கோட்டு நுனியால் மூக்கைப் பொத்தி, வேடிக்கை பார்த்தவர்களைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளினாள். "அந்தப் புகையை இழுக்காதியோ. தள்ளி நில்லுங்கோ."

மணல் குவியல் இரண்டு தடவை உள்ளிருந்து எழும்பி அடங்கியது. பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஜித்தின் மண்வெட்டியால் அதைச் சுற்றியிருந்த மணலோடு அள்ளிச் சட்டிக்குள் வைத்து, மேலே இன்னும் மணல் போட்டான். சட்டியை எந்தச் சுவருக்கும் பக்கமில்லாத இடத்தில் வைத்தான். விரல் நீளம் கூட இல்லாத ஒரு கருகின குழாய். இதற்காக ஒரு ஷெட்டும் ஒரு குடோனும் ஆறு பேரும்.

"அணைஞ்சாச்சா?" என்றாள் விலாசினி.

"அணைஞ்ச மாதிரி இருக்கும் சேச்சி. திரும்பவும் பிடிக்கும். ஆறுற வரை யாரும் கிட்ட போவாண்டாம். நான் இஞ்ச இருக்கேன்."

மழை குறைந்தது. ஆட்டோக்காரர்கள் ஸ்டாண்டுக்குப் போனார்கள், நிறையப் பேச வேண்டியிருந்த அவசரத்தோடு. கிருபாபாய் ஷெட்டுக்குள் ஒவ்வொரு சாக்காகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானசிகாமணி சட்டிக்கு எதிரே வந்து நின்றார். அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே சிவந்திருந்தது.

"மாமா, கையில வெள்ளம் விடுங்க. கொஞ்சநேரம் விட்டுட்டே இருக்கணும்."

அவர் சட்டியைச் சுட்டினார். "இது ஒண்ணுதானா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லலாம். அத்தோடு இன்றைய கணக்கு இங்கே முடியும். இருக்கிற அவமானத்தோடு வீட்டுக்குப் போகலாம், ஞாயிறு வரை காத்திருக்கலாம்.

"இல்ல மாமா. இன்னொண்ணு உண்டு. சஜு ரெண்டு தந்தான்."

"எங்க?"

"வினீத்துக்குக் குடுத்தேன்."

வினீத் ஷீனாவின் தம்பி. மாமனின் குடோனில் எடை போடுவதும் கணினியில் பில் அடிப்பதும் அவன்தான். மச்சானோடு சிநேகமாகட்டும் என்று போன வாரம் ஜித்தின் அதை அவன் சட்டைப் பையில் போட்டு, அக்காவிடம் சொல்லாதே என்று கண்ணடித்திருந்தான்.

ஞானசிகாமணி திரும்பித் தன் குடோனைப் பார்த்தார். ஷட்டர் பூட்டியிருந்தது. வினீத் மத்தியானம் நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தான். அவர் ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"எலே, ஜித்தின் உனக்குத் தந்த சாதனம் எங்க?"

அந்தப் பக்கம் பஸ்ஸின் இரைச்சல்.

"வினீத்தே" என்றான் ஜித்தின். "மாமாவுக்கு எல்லாம் தெரியும். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு."

"மேசை டிராயர்ல அத்தான். குடோன்ல. பில் பேப்பருக்கு அடியில." பிறகு தயங்கி, "அது ரெண்டு நாளா சரியில்ல. சில நேரம் தன்னால மினுங்கும். சார்ஜ் தீரட்டும்னு விட்டிருக்கேன்."

ஞானசிகாமணி சாவியை மடியிலிருந்து எடுத்தார். ஜித்தின் இன்னொரு சட்டியில் மணலை நிரப்பிக்கொண்டு பின்னால் போனான். ஷட்டர் ஏறியது. ஷீட்டின் புகை நாற்றமும் ஆசிட் நெடியும் முகத்தில் அடித்தன. இருவரும் வாசலிலேயே நின்று மோந்தார்கள். அந்த நெடிக்குள் மாம்பழம் இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஜித்தின் டிராயரை மெல்ல இழுத்தான். கருப்பும் பச்சையும். லைட் எரியவில்லை. புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனான். சூடில்லை. பில் பேப்பரோடு சேர்த்துத் தூக்கி மணலில் இறக்கினான். அப்போது லைட் ஒரு தடவை பளிச்சென்று எரிந்து அணைந்தது.

ஞானசிகாமணி அதைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கட்டுகள் கூரை வரை போயின. ராத்திரி இந்த மேசைக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் வினீத் உறங்குவான்.

இரண்டு சட்டியும் முற்றத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தன. ஞானசிகாமணி குடோனிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்தார். ஒன்றை ஜித்தினுக்குப் பக்கத்தில் வைத்து, மற்றதில் தான் உட்கார்ந்தார். கிருபாபாய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, கேட்காமலேயே அவர் கையைப் பிடித்து அதில் அமிழ்த்தினாள். மோதிரம் மறுபடி பாண்ட் பாக்கெட்டுக்குள்தான் இருந்தது. விரலில் போடுவதா என்று ஜித்தினுக்குத் தெரியவில்லை.

ஞானசிகாமணியின் ஃபோன் அடித்தது. அவர் இடது கையால் எடுத்துத் திரையைப் பார்த்தார்.

"மாமா?" ஷீனாவின் குரல், அவசரமாக. "மோதிரம் கிட்டிச்சா? இஞ்ச எல்லாரும் சொல்லுதாவ. போனா போவட்டும் மாமா, அவியள வழக்குப் பேசாதீங்க. நமக்கு வேற எடுக்கலாம்."

அவர் ஃபோனை ஜித்தினிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு" என்றார்.

ஜித்தின் ஃபோனை வாங்கினான். சட்டிக்குள் மணல் ஒரு தடவை கிறீச்சிட்டு அசைந்தது. கிருபாபாய் ஒரு அடி பின்னால் போனாள்.

"ஷீனா" என்றான். "மோதிரம் போகவே இல்ல."

"பொறவு?"

அவன் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லத் தொடங்கினான்.